ஆயுத பூஜையன்று வந்த அப்டேட்

என் அம்மாவின் வேலை வாசிப்பது. வேலை என்ற சொல் என்னுடையதல்ல. அவளோடு உட்கார்ந்து பாசிமணி தைக்கும் பெண்கள் வைத்தது.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் உள்ள ஒரு வீட்டின் முன்ஹாலில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் கூடுவார்கள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி ஊசியால் பாசி பதிப்பார்கள். துணியும் பாசியும் தட்டாஞ்சாவடி யூனிட் ஒன்றிலிருந்து வரும். தைத்த துண்டுகள் அங்கேயே திரும்பிப் போய்க் கைப்பைகளாகி, கடற்கரைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்கார மதாமிடம் சேரும். அதற்கு மேல் அவை எங்கே போகின்றன என்பதில் ஹாலில் யாருக்கும் அக்கறை இல்லை. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அம்மா இந்தத் தொழிலுக்கு வந்தாள். அந்த ஹாலில் முதலில் ஊசி பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி.

பிறகு சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. லேசர் வைத்தார்கள். இப்போது அவளால் சமைக்க முடியும், தெருவில் தனியாக நடக்க முடியும், கிட்டே வந்தால் ஆள் யாரென்று சொல்ல முடியும். பாசியின் துளை மட்டும் தெரியாது. எங்கே பார்க்கிறாளோ சரியாக அங்கே ஒரு புகை வந்து நிற்கிறது என்பாள்.

ஊசியைக் கீழே வைத்ததும் வீட்டோடு இருந்துவிட்டாள். ஹால் வீட்டுக்கார அக்காதான் வந்து கூப்பிட்டாள்.

"நீ இன்னாத்துக்குக்கா வூட்ல குந்திக்கினு செவுத்த பாக்குற? அங்க வந்து எதனா கத படி. நாங்க ஆளுக்கு ஒரு வரிசை உன் பேர்ல போட்டுடறோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு பையின் ஓரத்திலும் ஒரு பாசி வரிசை அம்மாவுடையது. கூலியைப் பிரிக்கும்போது அந்த வரிசைகள் சேர்ந்து அவள் பங்காகும். இதைத் தர்மம் என்று ஒருத்தி நினைத்திருந்தாலும் அம்மா அன்றே எழுந்து வந்திருப்பாள். யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் அவள் உண்மையிலேயே நன்றாக வாசிப்பாள். சண்டை வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவாள். ஊசி நிற்காது, எல்லாத் தலையும் கொஞ்சம் அவள் பக்கம் சாயும். வாசிப்பு நின்றால் வரிசையும் நிற்கும், வரிசை நின்றால் அந்த ஹாலில் அவளுக்கு இடமில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

எதில் வாசிப்பது என்பது என் பொறுப்பாக இருந்தது. நான் கணினி படித்தவள். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துத்தான் எனக்கு யோசிக்க வரும். அச்சுப் புத்தகம்: எழுத்து சிறியது. பூதக்கண்ணாடி: வரியில் பாதி வெளியே ஓடுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. கைபேசி, டேப்லெட்: எழுத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் அந்த வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மிஞ்சியது மின்நூல் கருவி. அதன் திரை காகிதம் மாதிரி சும்மா இருக்கும், கண்ணில் அடிக்காது. அலுவலகத்தில் ஒருவர் பயன்படுத்தாமல் மேசைக்குள் போட்டிருந்ததை வாங்கிவந்தேன்.

அதில் ஒரு குறை. நிறுவனம் கொடுத்திருந்த தமிழ் எழுத்து, தலைமுடியைப் பிய்த்து ஒட்டியது போல மெலிந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் தடிக்கவில்லை. அம்மா ஒரு வரியைப் பிடித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி எங்கே என்று தேடினாள்.

அதனால் உடைத்தேன். ஜெயில்பிரேக் என்பார்கள். நிறுவனம் போட்ட பூட்டைத் தாண்டி, நமக்கு வேண்டிய வாசிப்புச் செயலியை உள்ளே வைப்பது. உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் முகம் தெரியாத ஆட்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து இதற்கு வழி கண்டுபிடித்து எழுதி வைக்கிறார்கள். அதன்படி செய்தேன். கட்சிக்காரர்கள் சுவரில் எழுதுவார்களே, அந்தத் தடிமனில் கன்னங்கரேல் என்று எழுத்து வந்தது. திரையின் இடது ஓரத்தில் விரலை மேலே இழுத்தால் பெரிதாகும், கீழே இழுத்தால் சிறிதாகும். அம்மாவின் பார்வை ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, சர்க்கரையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த விரல் இழுப்புதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நாவல்களாகத் தேடி உள்ளே நிரப்பினேன்.

உடைத்ததோடு முடியாது. காவலும் இருக்க வேண்டும். நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்த புதிய மென்பொருளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வரும் விதத்தைப் படித்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வைஃபை கிடைத்தால் கோப்பு சத்தமில்லாமல் இறங்கும். பிறகு காத்திருக்கும். கருவி சார்ஜில் செருகியிருந்து, யாரும் தொடாமல் கிடக்கும் நேரமாகப் பார்த்துத் தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும். நாம் அசந்திருக்கும்போது உள்ளே நுழைந்து, வீட்டுச் சாமானை இடம் மாற்றி வைத்துவிட்டு, உங்கள் வசதிக்காக என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போகிற ஆளை நாம் விருந்தாளி என்று சொல்வதில்லை.

மூன்று தடுப்புகள் போட்டேன். ஒன்று, வைஃபை எப்போதும் அணைந்தே இருக்கும். புத்தகங்கள் கேபிள் வழியாக மட்டும். இரண்டு, அப்டேட் வந்து இறங்க இடமே இல்லாதபடி நினைவகம் முழுவதையும் வெற்றுக் கோப்புகளால் அடைத்தேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அப்டேட் எந்தப் பெயரில் இறங்குமோ அதே பெயரில் காலியாக ஒரு ஃபோல்டரை முன்கூட்டியே செய்து வைப்பது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருப்பதால் வருகிற கோப்புக்கு உட்கார முடியாது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். துண்டுக்குள் ஆள் இல்லை. ஆனாலும் யாரும் அதில் உட்காருவதில்லை.

துண்டை எடுத்து மடித்து வைத்தது என் மாமா.

கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முத்தியால்பேட்டையில் கைபேசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கும் கைபேசிகளைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் காபி குடிப்பார். மெமரி நிறைந்திருந்தால் அவருக்குத் தாங்காது. அழுக்குத் தட்டைப் பார்த்த மாதிரி முகம் போகும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஹாலில் எல்லோரும் தொழில் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரி ஊசி, கத்தரிக்கோல், சட்டம், பாசி டப்பா, ஒருத்தியின் தையல் மிஷின். அம்மாவின் ஆயுதம் எது என்ற பேச்சு வந்திருக்கிறது. வாசிக்கிற டப்பாதான் என்று தீர்ப்பாகி அதையும் சாமிக்கு வைக்க எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மாமா அம்மாவைப் பார்க்க வந்தார். சாமி முன்னால் வைக்கிற ஆயுதம் சர்வீஸ் ஆகியிருக்க வேண்டாமா? லாரியை வாட்டர் சர்வீஸ் விட்டுத்தானே வாழைமரம் கட்டுகிறார்கள். மாமா கருவியைத் தன் மடிக்கணினியில் செருகினார். நினைவகம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட, எதிலும் திறக்காத பெரிய பெரிய கோப்புகள். பக்கத்தில் காலியாக ஒரு ஃபோல்டர். எல்லாவற்றையும் அழித்தார். பிறகு தன் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தார். மறுநாள் பூஜைக்கு முழு சார்ஜோடு இருக்கட்டும் என்று, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சீரியல் லைட் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே அதையும் செருகினார். இரவு அங்கேயே சாப்பிட்டார். பேசினார். கோப்பு நிதானமாக இறங்கியிருக்கும்.

மறுநாள் பூஜை. அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. வேலைக்கு முழு ஓய்வு. சார்ஜில் செருகி, யாரும் தொடாமல், ஒரு நாள் முழுக்க. அந்த அப்டேட்டை எழுதியவன் எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி குறித்திருந்தாலும் இதைவிட நல்ல வேளை கிடைத்திருக்காது.

நான் அன்று வீட்டில் இல்லை, அலுவலகத்தில் இருந்தேன். கடைகள் மூடியிருக்கும் நாளில்தான் நாங்களும் எங்கள் பில் மென்பொருளைப் புதுப்பிப்போம். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் முதலில் போன் போட்டுக் கேட்போம். நல்ல மனதினால் அல்ல. கேட்காமல் செய்தால் கடைக்காரர் நேரே வந்து மேசை முன்னால் நின்று திட்டுவார். மேசை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நிறுவனத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு அடிக்கடி தோன்றியது.

விஜயதசமி காலையில் சும்மா பேருக்குக் கொஞ்சம் வேலையைத் தொடங்குவார்கள். நானும் அம்மாவோடு போனேன். அவரவர் ஊசியை எடுத்தார்கள். எதிர்வீட்டு மருமகள், அந்தக் கூட்டத்திலேயே இளையவள், வாய் கொஞ்சம் நீளம், சாமி படத்துக்கு முன்னாலிருந்த கருவியை எடுத்து அம்மாவிடம் நீட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

"யக்கா, உன் டப்பாக்குள்ள எவனோ குந்தினுகீறான்."

திரையின் மூலையில் குங்குமம். நடுவில் சந்தனம். சந்தனத்துக்குப் பின்னால் சட்டை போடாத வெள்ளைக்காரன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கீழே ஏதோ ஓர் ஆங்கிலக் காதல் நாவலின் பெயர், இப்போதே வாங்குங்கள் என்று. உறங்கும் திரையில் விளம்பரம் போடும் அந்தப் பழக்கத்தையும் நான் முன்பு பூட்டோடு சேர்த்து உடைத்து எறிந்திருந்தேன். அது திரும்பி வந்திருந்தது.

"எவன்டி?" என்றாள் அம்மா.

"சட்ட போடாதவன். ஒடம்பு நல்லா வெச்சினுகீறான்."

"சந்தனம் வேற பூசிகினுகீறான், மாப்ள மாதிரி," என்றாள் ஹால் அக்கா. "யாருக்குடி பாத்துவெச்சிருக்கா சரஸ்வதி?"

சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். பழக்கப்பட்ட இடத்தில் விரலை வைத்துத் திறந்தாள். இடது ஓரத்தில் விரலை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு திரையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கதையில் நாயகி ஊரை விட்டு வந்து ரயில் நிலையத்தில் இறங்கியிருந்தாள். கூட்டிப்போக வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அந்த இடத்தில்தான் பூஜைக்காக நிறுத்தியிருந்தார்கள்.

"எழுத்த காணமே," என்றாள் அம்மா. "இருக்குது. ஆனா காணம்."

நான் வாங்கிப் பார்த்தேன். மயிரிழை எழுத்து. செயலி இல்லை. அமைப்புப் பக்கத்தில் புதிய பதிப்பு எண். எனக்கு வந்தது கோபம் அல்ல. நம் தட்டில் நாம் கைகழுவப் போயிருக்கும்போது வேறொருவர் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை ஒழுங்காகக் கூட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும், அது. கருவியைப் பிடித்த கையைத் எதிலாவது துடைக்க வேண்டும் போலிருந்தது. சுடிதாரிலேயே துடைத்தேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா இஞ்சினியரம்மா, டப்பா சும்மா பறக்குதா?"

"மாமா, அதுல இருந்த ஃபைல்ல எல்லாம் அழிச்சீங்களா?"

"பின்ன? ஒரே குப்ப. இவ்ளோ படிச்சிட்டு மெமரிய அப்டி வெச்சினுகீறியே. அத்தைக்காகப் பாத்துப் பாத்து க்ளீன் பண்ணேன்."

நான் விளக்கினேன். முதலில் அவர் நம்பவில்லை. "குப்பைய வேணும்னே எவனாச்சும் போட்டு வெப்பானா?" என்றார். பிறகு காலி ஃபோல்டரைப் பற்றிச் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றார். குரல் இறங்கிவிட்டது. அவர் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. அவர் எல்லோர் கண்ணெதிரேயும், பகலில், காபிக்கு வந்த ஆளாக வந்து செய்தவர்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் உரையாடல் பெட்டிக்குப் போனேன். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன். என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. உங்கள் கருவி இப்போது சமீபத்திய நிலையில் உள்ளது என்று மகிழ்ச்சி தெரிவித்தது. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றேன். அந்த வசதி இல்லை, பாதுகாப்புக்காக, என்றது. யாருடைய பாதுகாப்பு என்று கேட்டேன். எங்கள் வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. பூட்டை உடைத்த விஷயத்தைச் சொல்லாமல், என் அம்மாவால் இந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று மட்டும் எழுதினேன். கேட்க வருத்தமாக இருக்கிறது, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா என்றது. பார்த்தேன் என்றேன். இந்த உரையாடல் எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்களை நீட்டியது. அந்த நட்சத்திரங்கள் தங்கநிறத்தில், குழந்தைகள் தின்னும் மிட்டாய் போல இருந்தன. உடைப்பவர்களின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். இந்தப் புதிய பதிப்புக்கு இன்னும் வழி இல்லை, காத்திருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர்களாவது காத்திருங்கள் என்று சொன்னார்கள்.

அந்த வாரம் ஹாலில் எதிர்வீட்டு மருமகள் தன் கைபேசியில் கதையை வாசிக்க வைத்தாள். இயந்திரக் குரல். 'ஐயோ, நான் என்ன செய்வேன்' என்பதை, பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி புறப்படுவதை அறிவிக்கிற மாதிரி சொன்னது.

"நிறுத்துடி அத," என்றாள் ஹால் அக்கா. "அவ அழுவுறாளா, டிக்கெட் கேக்குறாளான்னே தெரியல."

நிறுத்தினார்கள். ஆனாலும் சும்மா இருக்கும்போது மறுபடி போட்டார்கள். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை. முதல் நாள் எல்லோரோடும் சேர்ந்து அந்தக் குரலைக் கேலி செய்தாள். அடுத்த நாள் ஒரு சட்டத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஊசியைக் கேட்டாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் விரலால் தடவித் தடவி ஓர வரிசையைப் போட்டாள். கறுப்புப் பாசிக்கும் கருநீலப் பாசிக்கும் விரலில் வித்தியாசம் தெரியாது.

மாலையில் அலுவலகம் முடிந்து அவளைக் கூட்டிவரப் போனேன். அம்மா கை கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். ஹால் அக்கா அவள் போட்ட வரிசையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த வேகத்திலேயே சரியான நிறத்தில் மறுபடி போட்டாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

மறுநாள் அம்மா அந்தத் துணியை எடுத்து ஓரத்தை விரலால் நீவினாள். வரிசையின் முடிவில் விரல் நின்றது. அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினாள்.

"இது என் முடிச்சு இல்ல," என்றாள். "யாரு பிரிச்சது?"

ஊசிகள் நின்றன.

"இனிமே என் பேர்ல வரிசை போடாதீங்க," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து வந்துவிட்டாள். இதை எனக்கு அம்மா சொல்லவில்லை. ஹால் அக்கா வாசலில் என்னை நிறுத்திச் சொன்னாள். "நான் செஞ்சது தப்பாடி?" என்று கேட்டாள். எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் டீ குடித்துக்கொண்டு யாரோ ஒருவர், ஓட்டை அடைபட்டது என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார். அவர் கெட்டவராகக்கூட இருக்க மாட்டார். எங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களைப் போலத்தான் இருப்பார்.

அம்மா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் மறுபடி பட்டியலுக்குத் திரும்பினேன். நிறுவனத்தின் மென்பொருள் எதை மாற்றாது? எழுத்துகளை அது தன் இஷ்டத்துக்கு வரைகிறது. படங்களை அப்படியே காட்டுகிறது. அப்படியென்றால் எழுத்தையே படமாக்கிவிட வேண்டும். நாவலை எடுத்து, என் கணினியில் தடித்த எழுத்தில், பக்கத்துக்கு நாலைந்து வரிகள் மட்டும் வருகிற மாதிரி பக்கம் பக்கமாகப் படமாக்கி, ஒரே கோப்பாகக் கட்டி ஏற்றினேன். அசிங்கமான வழி. சின்ன நாவல் பெரிய மூட்டையாகிவிட்டது. பக்கம் புரள ஒரு மூச்சு நேரம் ஆனது. விரலை இழுத்து எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது.

அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"எழுத்து நல்லாக்குது. ஆனா ஒரு பக்கத்துல ரெண்டு பேரு பேசி முடிக்க மாட்டேன்றாங்களே."

"பரவால்லயாம்மா?"

"பரவால்ல. ஆனா நாளைக்கு கண்ணு மோசமாப் போனா?"

அதற்காக ஒவ்வொரு நாவலையும் மூன்று அளவுகளில் செய்தேன். கோப்புகளுக்குப் பெயர் வைத்தது அம்மா. நல்ல நாள், சுமார் நாள், மோசமான நாள்.

ஆனாலும் ஹாலுக்குப் போகவில்லை. அவளாகச் சொல்லிவிட்டு வந்தவள் அவளாகப் போக மாட்டாள். நான் தெருமுனையில் ஹால் அக்காவிடம் விஷயத்தை மட்டும் சொல்லிவைத்தேன். மறுநாள் மதியம் எதிர்வீட்டு மருமகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளேகூட வரவில்லை.

"யக்கா, அவ இன்னும் ஸ்டேஷன்லயே நிக்கிறா. மழ வர்ற மாதிரி இருக்குது. வந்து எங்கனா கூட்டினு போ."

"ஏன், உன் போனு கூட்டினு போவலியா?"

"அது அவள விழுப்புரம் வண்டில ஏத்திவுட பாக்குது. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

அம்மா முகம் கழுவிக்கொண்டு போனாள். வரிசையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று தைத்த பைகளின் ஓரத்தில் அவள் வரிசை இருந்தது.

திரை உறங்கினால் வரும் ஆட்களை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று ஹாட்ஸ்பாட்டில் மொத்தமாக இறங்கியவர்களில் வாரத்துக்கு ஒருவன் முகம் காட்டினான். ஒருவன் குதிரையோடு வந்தான். ஹாலில் அவர்களுக்கு வரவேற்பு இருந்தது. இவனுக்கு முழி சரியில்லை, அவன் குடிக்கிறவன், போன வாரத்து ஆள்தான் குடும்பத்துக்கு ஏற்றவன் என்று தரம் பிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறை அம்மா பக்கத்தைத் திறக்கும்போதும் தன்னால் படிக்க முடியாத ஒரு விளம்பரத்தை விரலால் ஒதுக்கிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் ஹால் அக்கா மிச்சத் துணியில் பாசி வைத்து ஒரு மூடி தைத்துக் கொடுத்தாள். "மாப்ளைங்களுக்குத் திரை," என்றாள்.

உடைப்பவர்களின் பக்கத்தில் பல மாதம் கழித்து வழி வந்தது. யாரோ எங்கேயோ மறுபடி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அன்றே உட்கார்ந்தேன். தடித்த எழுத்து திரும்பியது, விரல் இழுப்பு திரும்பியது, சட்டை போடாதவர்கள் போனார்கள். தடுப்புகளை மறுபடி போட்டேன். அம்மா இடது ஓரத்தில் விரலை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள், மேலே இழுத்தாள். படிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் லீவு போட்டேன். மாமா என் அக்காவோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தன் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நானே குடுத்துடறேன். ஹாட்ஸ்பாட்டு, ப்ளூடூத்து, எல்லாம் ஆஃப். சோதன போட்டுப் பாத்துக்கோ."

"வேணாம் மாமா."

"வெச்சிக்கோம்மா. கை சும்மா இருக்காது எனக்கு."

ஹாலில் ஊசி, கத்தரிக்கோல், சட்டம், மிஷின் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தன. பொரிகடலை, சுண்டல், வாழைப்பழம். அம்மா கருவியைக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஹால் அக்கா அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள், இந்த முறை திரையில் இல்லை. கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் அணைந்ததும் அம்மா குனிந்து கருவியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள்.

"யக்கா, இன்னிக்குத் தொடக் கூடாதுக்கா," என்றாள் எதிர்வீட்டு மருமகள். "புக்கும் படிக்கக் கூடாது. ரெண்டு தப்பு ஒண்ணா செய்ற."

"சும்மா கெடந்தாத்தான் அப்டேட்டு உள்ள பூந்துக்கும்னு இவ சொல்லியிருக்கா," என்று அம்மா என்னைக் காட்டினாள். "நான் சும்மா வுட மாட்டேன்."

வைஃபை அணைந்திருக்கிறது, இடம் அடைத்திருக்கிறது, துண்டு போட்டிருக்கிறது, ஒரு நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கட்டைவிரல் ஏற்கெனவே இடது ஓரத்தில் இருந்தது. அன்றைக்கு சுமாரான நாள் போலிருக்கிறது. இரண்டு தடவை மேலே இழுத்தாள்.

"சரஸ்வதி கோவிச்சுக்கப் போறா," என்றாள் ஹால் அக்கா.

"அவளும் வந்து குந்தட்டும். கத பாதில நிக்குது."

தைக்க ஊசி இல்லாததால் எல்லோர் கையும் அன்று சும்மா இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி பொரியை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் போட வரிசை எதுவும் கிடையாது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.